இலவசக் கருவிகளை மெட்ரிக் பாடத்தோடு பொருத்துவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட், லெனேசியா என்று நம்மவர்கள் வாழும் எந்தப் பகுதியிலும், பிள்ளை பத்தாம் கிரேடுக்குப் போனதும் போனில் படிப்புச் செயலிகள் வரிசையாக ஏறிவிடுகின்றன. ஒரு மாதத்தில் அவற்றில் பாதியைத் திறந்து பார்ப்பதுகூட இல்லை. பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. அமெரிக்காவையோ இங்கிலாந்தையோ மனத்தில் வைத்துச் செய்த கருவியை, கேப்ஸ் எனப்படும் இந்நாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தின் எந்த அத்தியாயத்துக்கு, எத்தனை மதிப்பெண்ணுக்காகத் திறக்கிறோம் என்று யோசிக்காமல் திறப்பதால்தான் அது கைகொடுப்பதில்லை. அதனால் வேலையைத் தேர்வுத் தாளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

முதலில் தாளை இறக்குங்கள்

அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் என்எஸ்சி (பன்னிரண்டாம் கிரேடு முடிவில் எழுதும் மெட்ரிக் தேர்வு) பழைய வினாத்தாள்கள், மெமோக்கள் (திருத்துபவருக்கான விடைக்குறிப்புகள்), ஒவ்வொரு பாடத்துக்குமான தேர்வு வழிகாட்டி, ஆண்டுதோறும் வரும் பிழை ஆய்வு அறிக்கை என நான்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. வினாத்தாளையும் மெமோவையும் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற இரண்டையும் பலர் தொடுவதே இல்லை. மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று சொல்வது வழிகாட்டி. அது எங்கே கைநழுவுகிறது என்று கேள்வி கேள்வியாக எடுத்துக் காட்டுவது பிழை ஆய்வு அறிக்கை.

கணிதத்தைப் பாருங்கள். பன்னிரண்டாம் கிரேடில் இரண்டு தாள். ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் தாளில் சார்புகளும் வரைபடங்களும் ஏறத்தாழ 35, வகைநுண்கணிதம் 35, இயற்கணிதம் 25, தொடர்வரிசைகள் 25, நிதிக்கணிதம் 15, நிகழ்தகவு 15. இரண்டாம் தாளில் யூக்ளிட் வடிவியலும் முக்கோணவியலும் சேர்ந்து ஏறத்தாழ 90; பகுமுறை வடிவியல் 40; புள்ளியியல் 20. ஒவ்வொன்றிலும் மூன்று மதிப்பெண் கூடலாம், குறையலாம். இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டால், நிகழ்தகவுக்கு ஆறு காணொளி பார்த்துவிட்டு வடிவியலை ஒதுக்கி வைக்கும் வழக்கம் தானாகவே நிற்கும்.

தாள்களை இறக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கேப்ஸ் பாடத்திட்டப்படி நடந்த முதல் மெட்ரிக் தேர்வு 2014இல். அதற்கு முந்தைய 2008 முதல் 2013 வரையிலான கணிதத் தாள்களில் நேரியல் திட்டமிடல், உருமாற்ற வடிவியல் போன்ற பகுதிகள் வரும். அவை இப்போது பாடத்தில் இல்லை. யூக்ளிட் வடிவியலோ அப்போது விருப்பத் தாளான மூன்றாம் தாளில் இருந்தது. பழைய தாளைப் போட்டுவிட்டு, ‘இதையெல்லாம் டீச்சர் நடத்தவே இல்லையே’ என்று பிள்ளை கலங்குவது இதனால்தான். 2014க்குப் பிறகான தாள்களே போதும்.

கணித இரண்டாம் தாளுக்கு விடைப்புத்தகம் தனிக் கோப்பாக இருக்கும். படங்கள் அதில் அச்சிடப்பட்டிருப்பதால் அதையும் சேர்த்து இறக்க வேண்டும். ஆப்ரிக்கான்ஸ் தாள் தனியே கிடக்கும். பெயரைப் பார்க்காமல் இறக்கினால் டேட்டாவும் அச்சுச் செலவும் வீண். கணிதமும் கணித எழுத்தறிவும் வேறு வேறு பாடங்கள். தேடும்போது இரண்டும் கலந்தே வரும். தனியார் பள்ளிகள் சில எழுதும் ஐஇபி தாள் வேறொரு வாரியத்தினுடையது. கூடுதல் பயிற்சிக்கு உதவும், ஆனால் கேள்வி கேட்கும் விதம் மாறும். குவாசூலு-நட்டால் உள்ளிட்ட மாகாணங்களின் பிரிலிம் (இறுதித் தேர்வுக்கு முன் செப்டம்பரில் நடக்கும் ஒத்திகைத் தேர்வு) தாள்களும் கிடைக்கின்றன. இந்தச் செப்டம்பர் தாள்களை ஆகஸ்டு வரை தொடாமல் வைத்திருங்கள். பிள்ளை முன்பே பார்த்துவிட்ட தாளை ஒத்திகைக்கு வைத்தால், வரும் மதிப்பெண் உண்மை நிலையைக் காட்டாது.

பயிற்சிக்கு ஒன்று

கணிதத்துக்கும் இயற்பியல்-வேதியியலுக்கும் முதலில் போக வேண்டிய இடம் சியாவுலா என்ற இணையதளம். இது தென்னாப்பிரிக்காவிலேயே கேப்ஸ் வரிசைப்படி உருவானது. பத்து முதல் பன்னிரண்டு வரையிலான பாடநூல்களை அங்கேயே இலவசமாகப் படிக்கலாம். பயிற்சிப் பகுதியில் கிரேடையும் அத்தியாயத்தையும் தேர்ந்தால் கேள்வி வரும். விடையைச் சரிபார்த்ததும் முழுத் தீர்வும் வரும். பிறகு அதே வகையில் எண்கள் மாறிய இன்னொரு கேள்வியை எடுக்கலாம். சரியாகச் செய்யச் செய்யக் கேள்விகள் கடினமாகும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, திரையைப் பார்த்துக்கொண்டே மனக்கணக்காக விடையைத் தட்டுவது. கருவி கடைசி விடையைத்தான் பார்க்கிறது. மெட்ரிக் திருத்துபவரோ படிப்படியாக மதிப்பெண் போடுகிறார். கணித மெமோக்களில் ‘சி.ஏ’ என்றொரு குறி வரும். முதல் படியில் எண் தவறினாலும், அந்தத் தவறான எண்ணை வைத்து அடுத்த படிகளை முறையாகச் செய்திருந்தால் அவற்றுக்கு மதிப்பெண் உண்டு என்பது அதன் பொருள். படிகளை எழுதாதவருக்கு இந்தச் சலுகையால் பயனில்லை. ஆகவே பக்கத்தில் கோடு போட்ட நோட்டு இருக்க வேண்டும். கேள்வியை எழுதி, படிகளை எழுதி, விடைக்குக் கோடிட்ட பிறகுதான் திரையில் தட்ட வேண்டும். தவறிப்போனால் திரையில் வரும் தீர்வை அப்படியே நகலெடுக்க வேண்டாம். எந்தப் படியில் பாதை பிரிந்தது என்று சிவப்புப் பேனாவால் குறித்துவிட்டு, நோட்டை மூடி, மறுபடி முதலிலிருந்து எழுதட்டும்.

ஓர் அமர்வுக்கு நாற்பது நிமிடம், ஓர் அத்தியாயம், எட்டு முதல் பத்துக் கேள்வி. இதற்கு மேல் போனால் பிள்ளை கேள்வியை வாசிக்காமல் வடிவத்தைப் பார்த்து விடை போடத் தொடங்கும்.

மற்றப் பாடங்களுக்கு, துறையே வெளியிட்ட ‘மைண்ட் த கேப்’ கையேடுகள் இருக்கின்றன. உயிர் அறிவியல், கணக்குப்பதிவியல், புவியியல், பொருளியல் எல்லாம் உண்டு. தேர்ச்சிக்குத் தடுமாறும் பிள்ளைக்கு இவை நல்ல தொடக்கம். எண்பது விழுக்காடு எட்ட நினைப்பவருக்குப் போதாது. கணக்குப்பதிவியலுக்குக் காணொளியைவிடப் பழைய தாளும் விடைப்புத்தகமும் பென்சிலுமே சிறந்த கருவி என்பது எங்கள் உறுதியான கருத்து.

வரைபடக் கருவியில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா இரண்டும் இலவசம், இரண்டும் அருமையானவை. நம் பள்ளிகளில் எழுதும் முறையும் இவை புரிந்துகொள்ளும் முறையும் நான்கு இடங்களில் முட்டிக்கொள்கின்றன. அவை தெரியாவிட்டால் பிள்ளை கருவியையோ தன்னையோ நம்பாமல் போய்விடும்.

முதலாவது தசமக் குறி. இங்கே இரண்டரையை 2,5 என்று எழுதுகிறோம். கருவியில் 2.5 என்று புள்ளி வைத்தே தட்ட வேண்டும். ஜியோஜீப்ராவில் (2,5) என்று தட்டினால் அது ஒரு புள்ளியின் ஆயத்தொலையாகிவிடும்.

இரண்டாவது ஆயத்தொலை. பள்ளியில் (2; 5) என்று அரைப்புள்ளி போட்டு எழுதப் பழகிய பிள்ளை ஜியோஜீப்ராவிலும் அப்படியே தட்டும். அந்தக் கருவியில் அரைப்புள்ளி போட்டால் தொலைவும் கோணமும் என்று பொருள். தொடக்கப்புள்ளியிலிருந்து 2 அலகு தள்ளி, 5 ரேடியன் கோணத்தில் எங்கோ ஒரு புள்ளி விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால் தவறு நடந்ததே தெரியாமல் அடுத்த அரைமணி நேரம் கழியும்.

மூன்றாவது கோண அலகு. பள்ளியில் எல்லாமே டிகிரி. டெஸ்மோஸ் தொடக்கத்தில் ரேடியனில் இருக்கும். வலது மேல் மூலையில் இருக்கும் ஸ்பேனர் படத்தைத் தொட்டு டிகிரிக்கு மாற்றுங்கள். அதே இடத்தில் கிடையச்சை −180 முதல் 180 வரையும், நெடுக்கச்சை −3 முதல் 3 வரையும் அமையுங்கள். டிகிரிக்கு மாற்றிவிட்டு அச்சை மாற்றாமல் விட்டால், சைன் வளைவு கிட்டத்தட்ட நேர்க்கோடாகத் தெரியும். அச்சை மட்டும் மாற்றி ரேடியனிலேயே விட்டால் திரை முழுக்கக் கிறுக்கலாகும். ஜியோஜீப்ராவில் சைன் அடைப்புக்குறிக்குள் எக்ஸ் எழுதி, அதற்கு ஒட்டி ° குறியையும் போட வேண்டும்.

நான்காவது பரவளையச் சமன்பாடு. நம் பாடநூல் அடைப்புக்குள் ‘எக்ஸ் கூட்டல் பி’ என்று எழுதும். அமெரிக்கக் காணொளிகள் ‘எக்ஸ் கழித்தல் எச்’ என்று எழுதும். இரண்டும் சரி, குறிதான் எதிர். காணொளி பார்த்துவிட்டு வந்த பிள்ளை திரும்புபுள்ளியைத் தவறான பக்கம் வைப்பது இதனால்தான். டெஸ்மோஸில் நம் பாடநூல் வடிவத்தையே தட்டி, ஏ, பி, க்யூ மூன்றுக்கும் நழுவுபட்டை சேருங்கள். பி 2 ஆனதும் வளைவு இரண்டு அலகு இடப்பக்கம் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு இந்தக் குழப்பம் வராது. ஒவ்வொரு முறையும் பட்டையை நகர்த்துவதற்கு முன்னால், வளைவு எங்கே போகும் என்று தாளில் தோராயமாக வரைய வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் நகர்த்திப் பார்ப்பதில் பொழுது போகுமே தவிரப் பாடம் ஏறாது.

வட்ட வடிவியலுக்கு ஜியோஜீப்ரா பெரிய உதவி. வட்டத்தில் புள்ளியை இழுத்துப் பார்த்தால், மையக்கோணம் பரிதிக்கோணத்தின் இரு மடங்காகவே இருப்பது தெரியும். இங்கேயும் ஓர் எல்லை உண்டு. அளந்து பார்த்ததால் நிறுவியதாகாது. தேர்வில் ஒவ்வொரு கூற்றுக்கும் காரணம் எழுத வேண்டும். ஏற்கப்படும் காரணங்களின் பட்டியல் தேர்வு வழிகாட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கங்களை அச்செடுத்து, கருவியில் பார்த்த ஒவ்வொரு தேற்றத்துக்கும் பட்டியலில் உள்ள சொற்களையே பிள்ளை எழுதிப் பழகட்டும். காரணத்துக்கென்று தனி மதிப்பெண் இருக்கிறது, அதைப் படத்தால் வாங்க முடியாது.

ஆய்வகம் இல்லாத பள்ளிக்கு ஃபெட்

கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய ஃபெட் உருவகப் பயிற்சிகள், ஆய்வகம் சரியாக இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கு வரம். பன்னிரண்டாம் கிரேடில் பலரை வீழ்த்தும் அகமின்தடைக் கேள்வியை இதில் இப்படிச் செய்து பார்க்கலாம்.

நேர்மின்னோட்டச் சுற்றுக் கட்டமைப்புப் பயிற்சியில் ‘லேப்’ திரையைத் திறங்கள். 9 வோல்ட் மின்கலம் ஒன்று, 10 ஓம் மின்தடை ஒன்று, கம்பிகள், ஓர் அம்மீட்டர். மின்கலத்தின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டர். ‘அட்வான்ஸ்டு’ என்ற பெட்டியை விரித்து, மின்கலத்தின் அகமின்தடையை 2 ஓம் ஆக்குங்கள். மின்னோட்டம் 0.75 ஆம்பியர், வோல்ட்மீட்டர் 7.5 காட்டும். குறைந்த 1.5 வோல்ட் மின்கலத்துக்குள்ளேயே செலவாகிறது.

இப்போது நிறுத்தி, பிள்ளையிடம் கேளுங்கள்: இன்னொரு 10 ஓம் மின்தடையைப் பக்க இணைப்பில் சேர்த்தால் வோல்ட்மீட்டர் ஏறுமா, இறங்குமா, அப்படியே நிற்குமா? பதிலையும் காரணத்தையும் எழுதிய பிறகே இணைக்க வேண்டும். வெளிமின்தடை 5 ஓம் ஆகும், மொத்தம் 7, மின்னோட்டம் 1.29 ஆம்பியராக ஏறும், வோல்ட்மீட்டர் 6.43க்கு இறங்கும். மொத்த மின்தடை குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது, உள்ளே இழக்கும் வோல்ட் கூடுகிறது, ஆகவே முனை மின்னழுத்தம் குறைகிறது. இந்த நான்கு கண்ணிகளும் இதே வரிசையில் எழுதப்பட வேண்டும். இடையில் ஒன்றை விட்டுவிட்டால் விளக்கம் முழுமையாகாது.

எறிபொருள் பயிற்சியில் ஈர்ப்பு முடுக்கம் 9.81 என்று இருக்கும். நம் தேர்வுத் தரவுத்தாளில் 9,8. வெளிநாட்டுக் காணொளிகள் சிலவற்றில் 10. வீட்டில் போடும் எல்லாக் கணக்குக்கும் தரவுத்தாள் எண்ணையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

ஃபெட்டின் புதிய பயிற்சிகளை ஒற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கும். பல பயிற்சிகள் தமிழிலும் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் கூடவே உட்கார விரும்பினால் தமிழ்ப் பதிப்பைத் திறக்கலாம். பிள்ளை விடை எழுதுவது ஆங்கிலச் சொற்களிலேயே இருக்கட்டும்.

பெற்றோர் தமிழில் படித்தவர்களாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் தமிழ்வழியில் முழுவதுமாக இலவசக் கோப்பாகக் கிடைக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்னியக்கு விசை, அகமின்தடை எல்லாம் உங்களுக்குப் பழகிய சொற்களில் இருக்கும். அதை வாசித்துவிட்டுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தால், எங்கே சிக்கல் என்று கேட்கவாவது உங்களால் முடியும். பாட வரிசையும் ஆழமும் கேப்ஸோடு பொருந்தாது என்பதால், பிள்ளைக்கு அதையே பாடமாக வைத்துவிட வேண்டாம்.

சூலுவுக்கும் ஆப்ரிக்கான்ஸுக்கும்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நடுவில் வந்து சேரும் பிள்ளைக்குக் கணிதத்தைவிட சூலு, ஆப்ரிக்கான்ஸ் போன்ற இரண்டாம் மொழிப் பாடம்தான் பாரம். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த மாணவர்களுக்கு மொழிப் பாடத்தில் சலுகை விதி உண்டு. பத்தாம் கிரேடுக்குப் பாடம் தேர்வதற்கு முன்பே பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

சொல் மனப்பாடத்துக்கு ஆன்கி என்ற அட்டைச் செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் விலை உண்டு. மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையை மறுபடி காட்டுவது இதன் வேலை. அட்டையில் தனிச்சொல்லை எழுதாதீர்கள். சூலுவில் பெயர்ச்சொல்லின் முன்னொட்டுதான் வாக்கியம் முழுவதையும் ஆள்கிறது. எனவே ஒருமையையும் பன்மையையும் சேர்த்து, கூடவே ஒரு சிறு வாக்கியத்தையும் எழுத வேண்டும். ஆப்ரிக்கான்ஸில் பன்மையும் சிறுமை வடிவமும் அட்டையில் இருக்க வேண்டும், தேர்வில் கேட்பது அதைத்தான். சூலுவின் சொடுக்கு ஒலிகளை வகுப்புத் தோழர் ஒருவர் குரலில் பதிந்து அட்டையில் சேர்த்துவிடலாம்.

நாளொன்றுக்கு இருபது புதிய அட்டை என்பது ஆன்கியின் இயல்பான அளவு. அப்படியே விட்டால் சில வாரங்களில் தினமும் இருநூறு அட்டை திரும்பிப் பார்க்க வேண்டிவரும், பிள்ளை கைவிட்டுவிடும். அமைப்பில் எட்டாகக் குறையுங்கள். தேர்வுக் காலத்தில் புதியதைச் சுழியமாக்கி, பழையதை மட்டும் பார்க்கட்டும். கட்டுரைக்கு மொழிபெயர்ப்புச் செயலியை நம்ப வேண்டாம். சூலுவில் இணக்க முன்னொட்டுகளை அது அடிக்கடி பிழையாகத் தருகிறது, ஆசிரியர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

டேட்டாவும் கரண்டும்

ஒரு மணி நேரக் காணொளி 360 தரத்தில் சுமார் 300 எம்பி பிடிக்கும். உயர்தரத்தில் அது பல மடங்காகும். பழைய தாள் ஒன்றுக்கு ஓரிரண்டு எம்பிதான். வாரம் ஒருமுறை நூலக வைஃபையிலோ பள்ளியிலோ அந்த வாரத்துக்கு வேண்டிய தாள், மெமோ, ஃபெட் கோப்பு எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். கல்வித் தளங்கள் சிலவற்றுக்கு நெட்வொர்க்குகள் டேட்டா கழிப்பதில்லை. உங்கள் சிம்முக்கு அது பொருந்துமா என்று அறிய, மீதியைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் அந்தத் தளத்தை மட்டும் பயன்படுத்தி, மறுபடி மீதியைப் பாருங்கள். விபிஎன்னோ டேட்டா சுருக்கும் உலாவியோ இயங்கினால் நெட்வொர்க்குக்கு எந்தத் தளம் என்று தெரியாமல் டேட்டா கழிந்துவிடும். அந்தத் தளத்துக்குள் யூடியூப் காணொளி வந்தால் அதற்கும் பெரும்பாலும் கட்டணம்தான்.

பழைய மடிக்கணினி ஒன்று கிடைத்தால் கோலிப்ரி என்ற இலவசக் கல்வி மென்பொருளை நிறுவலாம். ஒருமுறை பாடங்களை இறக்கிவிட்டால், வீட்டு ரவுட்டர் வழியாக மற்றப் போன்களும் இணையம் இல்லாமல் அதைத் திறக்கும். கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்துபவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. கரண்ட் போனால் ரவுட்டரும் நிற்கும். அதற்கொரு சிறு பேக்கப் பேட்டரி வேண்டும், இல்லையெனில் அந்த நேரத்தைத் தாளில் எழுதுவதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் எதைக் கேட்கலாம்

‘இந்தக் கணக்கைப் போட்டுக் கொடு’ என்று கேட்டால் நம்பிக்கையோடு தவறான விடையையும் தரும். வடிவியலில் நம் பட்டியலில் இல்லாத காரணத்தை எழுதும். மெமோவின் அந்தப் பகுதியையும் பிள்ளை எழுதிய படிகளையும் சேர்த்துக் கொடுத்து, ‘எந்தப் படியில் மெமோவிலிருந்து விலகினேன், ஏன்?’ என்று கேட்பதே பயனுள்ள வழி. அப்போதும் வரும் பதிலை மெமோவோடு ஒப்பிட வேண்டும். பள்ளி மதிப்பீட்டுக்கான வேலைகளை அதனிடம் எழுதி வாங்கக் கூடாது. பன்னிரண்டாம் கிரேடில் பெரும்பாலான பாடங்களில் அது இறுதி மதிப்பெண்ணில் 25 விழுக்காடு. மீதி 75ஐப் பிள்ளை கையால்தான் எழுதியாக வேண்டும்.

ஆகஸ்டு வந்ததும் கருவிகளைக் குறைத்துவிடுங்கள். வாரம் ஒரு முழுத் தாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, போன் வேறு அறையில். 150 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் மதிப்பெண்ணுக்கு 1.2 நிமிடம், பத்து மதிப்பெண் கேள்வியில் பன்னிரண்டு நிமிடம் தாண்டினால் அடுத்ததற்குப் போக வேண்டும். மாலையில் மெமோ வைத்துத் திருத்தி, மதிப்பெண் போன இடங்களை அத்தியாய வாரியாக ஒரு பக்கத்தில் குறியுங்கள். அந்த ஆண்டின் பிழை ஆய்வு அறிக்கையில் அதே கேள்வி எண்ணைத் தேடினால், நாடு முழுக்கப் பிள்ளைகள் அங்கே என்ன தவறு செய்தார்கள் என்று இருக்கும். குறி அதிகம் விழுந்த இரண்டு அத்தியாயங்களை மட்டும் திங்கள் முதல் வியாழன் வரை சியாவுலாவில் பயிற்சி செய்துவிட்டு, வெள்ளியன்று ஓய்வு கொடுங்கள்.